கீழிருந்து எழும் அருவி

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு அருவி என்றால் வெளியூர்தான். கேப்பர் மலை என்று பெயருக்கு ஒரு செம்மண் மேடு உண்டு. தண்ணீர் விழுந்து சிதறும் உயரமோ பாறையோ அதற்கில்லை. அதனால் பள்ளித் தேர்வுகள் முடிந்ததும் நெய்வேலி நகரியத்தில் வேன் பேசத் தொடங்குகிறார்கள். குடும்பமாகப் போகிறவர்களுக்கு ஒகேனக்கல். சாரல் காலம் வரை பொறுத்திருப்பவர்களுக்குக் குற்றாலம். இளைஞர்கள் கல்வராயன் மலைக்கு பைக்கில் கிளம்புகிறார்கள். அங்கேயும் கூட்டம் சேர்ந்துவிட்டதால், யாருக்கும் தெரியாத அருவி எங்கே இருக்கிறது என்று தேடுவது இப்போது ஒரு மோகமாகியிருக்கிறது. அப்படி ஒன்று தெரிந்துவிட்டால் அடுத்த கோடைக்குள் அதன் பாறை இடுக்குகளில் ஷாம்பு உறைகளும் பாட்டில் சில்லுகளும் சேர்ந்துவிடும். பார்ப்பதற்காகப் போகிறோமா, தின்று தீர்ப்பதற்காகப் போகிறோமா என்ற கேள்வி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

நெய்வேலிக்காரர்கள் வேன் பேசாமலே போய்ப் பார்க்கக்கூடிய அருவி ஒன்று இருக்கிறது. அது ஒரு கடலோரக் காட்டுக்கு அடியில் இருக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இரவென்றும் பகலென்றும் பாராமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றி ஒரு நகரமே வாழ்கிறது. மாநிலத்தின் விளக்குகளில் பெரும் பங்கு அதனால் எரிந்திருக்கிறது. ஆனால் அருவி என்று அதை யாரும் சொல்வதில்லை. மற்ற அருவிகள் மேலிருந்து விழுகின்றன. இது கீழிருந்து எழுகிறது.

முதலில் காட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். பழுப்பு நிலக்கரி என்று நாம் வெட்டி எரிப்பது, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்த மண்ணில், கடலை ஒட்டிய சதுப்பில் நின்ற காடு. மரங்கள் விழுந்து சேற்றில் அமிழ்ந்தன. காற்றுப் படாததால் முழுதும் மக்காமல் கிடந்தன. ஆறுகள் கொண்டுவந்த மணலும் களியும் மேலே படிந்து அழுத்தின. அந்த நிலக்கரியிலிருந்து மகரந்தத் துகள்களைப் பிரித்தெடுத்து ஆராய்ந்த தொல்தாவரவியலாளர்கள், ஈரமான வெப்பமண்டலக் காடும் கடற்கரைச் சதுப்பும் இங்கே இருந்ததற்கான தடயங்களைக் கண்டிருக்கிறார்கள். சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு நுண்ணோக்கி தேவையில்லை. வெட்டிய அடுக்கில் மரத்தண்டு கிடந்த கிடையிலேயே தெரியும். நாரும் வரியும் கையில் பிரிந்து வரும். எடுக்கும் கட்டியின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர்தான். திண்டிவனத்தை அடுத்த திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்களைக் காணச் சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள். அந்தக் கல்மரங்கள் புதைந்திருக்கும் மணற்பாறைக்குக் கடலூர் மணற்பாறை என்றுதான் புவியியலில் பெயர். நெய்வேலிச் சுரங்கத்துக்கு மேலே கிடப்பதும் அதே பாறைதான். கல்லான மரத்துக்கு அங்கே வேலி கட்டிக் காவல் போட்டிருக்கிறோம். கரியான மரத்தை இங்கே நாள்தோறும் எரிக்கிறோம். குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. எரிப்பது காடு என்ற நினைவு, எரிக்கிற நமக்கு இருக்கவேண்டும்.

இனி நீர். 1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் பாசனத்துக்காகத் தோண்டச் செய்தபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. தண்ணீரைத் தேடியவருக்கு நிலக்கரி கிடைத்தது. பின்னால் நிலக்கரியைத் தேடி வந்த பொறியாளர்களுக்கோ தண்ணீர் வந்து வழிமறித்தது. நிலக்கரிப் படுகைக்குக் கீழே மணற்பாறைக்குள் அடைபட்ட பெரும் நீர்த்தேக்கம் ஒன்று இருக்கிறது. அதன் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ என்பது அக்காலத்துக் கணக்கு. பத்து மீட்டர் உயர நீர் நின்றால் ஒரு கிலோ அழுத்தம் உண்டாகும். அப்படியானால் வழி கிடைத்தால் அந்த நீர் அறுபது, எண்பது மீட்டர் தானே எழும். குற்றாலத்துப் பேரருவிக்குக் குறையாத உயரம் அது. மேலே கிடக்கும் மண்ணும் கரியும் உலைமூடியைப் போல அதை அமுக்கி வைத்திருந்தன. மூடியின் கனத்தைச் சுரண்டி எடுத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் தரை வெடித்துச் சுரங்கம் குளமாகிவிடும். ஆகவே சுரங்கம் வெட்டுவதற்கு முன்பே சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, அந்த அழுத்தம் தணியும்வரை நீரை இறைத்தாகவேண்டும்; தணிந்த பிறகும் இறைப்பதை நிறுத்தக்கூடாது.

நேரு 1957 மே மாதம் சுரங்க வெட்டைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் முதல் நிலக்கரி வெளிப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு சோவியத் உதவியுடன் கட்டிய அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. நெய்வேலி வரலாற்றை எழுதுபவர்கள் இந்த ஆண்டுகளைத் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சதச் சக்கர எந்திரங்களும் படத்தோடு வரும். பம்புகளைப் பற்றி அரை வரி இருந்தால் அதிகம். ஆனால் சக்கர எந்திரம் ஒரு ஷிப்ட் நின்றால் உற்பத்திதான் குறையும். பம்புகள் நின்றால் சுரங்கமே போய்விடும். நிலத்தடி நீர்க் கட்டுப்பாட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இதை என்னிடம் ஒரே வரியில் சொன்னார்: “பம்பு நின்னா தரை எழும்பிக்கும் தம்பி, அப்புறம் கரியாவது ஒண்ணாவது.” தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவர் வீட்டில் இருந்ததைவிடப் பம்ப் ஹவுஸில் இருந்ததே அதிகம் என்று அவர் மனைவி பக்கத்திலிருந்து சேர்த்துக்கொண்டார்.

அந்த நீர் எங்கிருந்து வந்தது? நெய்வேலிக்கு வடக்கிலும் மேற்கிலும், பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் மேட்டில் பெய்த மழை அது. பலாவும் முந்திரியும் விளைகிற அந்த நிலத்தில் கடலூர் மணற்பாறை மேற்பரப்பிலேயே திறந்து கிடக்கிறது. மழை அதில் இறங்கி, பாறையின் சரிவோடு கிழக்கே கடலை நோக்கி மண்ணுக்குள்ளேயே நகர்கிறது. ஆண்டுக்குச் சில மீட்டர் என்ற நிதானம். கதிரியக்கக் கரிமத்தைக் கொண்டு இந்த நீரின் வயதைக் கணித்தவர்கள், ஆயிரமாண்டுக் கணக்கில் பழைய நீர் இது என்று கண்டிருக்கிறார்கள். பம்பின் வாயில் வந்து விழுகிற தண்ணீர் சோழர்களுக்கும் முந்தைய மழையாக இருக்கலாம். அதைக் கைகொண்டு ஏந்திக் குடித்தால் சாதாரணத் தண்ணீரின் ருசிதான் இருக்கும். சற்றே வெதுவெதுப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் குறிஞ்சிப்பாடி, சேத்தியாத்தோப்பு பக்கம் குழாய் இறக்கினால் பம்பு இல்லாமலே நீர் பொங்கி வந்ததைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எட்டடியில் கிடைத்த தண்ணீர் இன்று நூற்றுக்கணக்கான அடிக்குக் கீழே போய்விட்டது என்று விவசாயிகள் சொல்கிறார்கள். சுரங்கம்தான் காரணம் என்பது அவர்கள் வாதம். எங்கும் பெருகிவிட்ட ஆழ்துளைக் கிணறுகளுக்கும் பங்குண்டு என்பது மறுதரப்பு. இரண்டும் சேர்ந்துதான் இது நடந்தது என்று நான் நினைக்கிறேன். அழுத்தத்தைத் தணிப்பதற்கென்றே இறைக்கும்போது, சுற்றியிருக்கும் கிணறுகளில் அது தெரியாமல் இருக்காது. கரும்புக்கும் நெல்லுக்கும் இலவச மின்சாரத்தில் இறைத்துக்கொண்டே இருந்தாலும் அது தெரியாமல் இருக்காது. இலவச மின்சாரத்தில் ஒரு பகுதி சுரங்கத்திலிருந்தே வந்தது என்பதையும் மறக்கக்கூடாது. இந்த வட்டத்துக்கு வெளியே நின்று யாரும் இங்கே விரல் நீட்ட முடியாது.

போய்ப் பார்க்கிறவர் காண்பது என்ன? சுரங்கத்துக்குள் நினைத்தபடி போக முடியாது. அனுமதி வேண்டும், கிடைத்தாலும் மேட்டிலிருந்து பார்ப்பதுதான். பார்த்தால், நூறு மீட்டர் ஆழத்துக்குப் படிப்படியாக இறங்குகிற ஒரு பள்ளம். அடியில் கறுப்புக் கோடு. அருவி கண்ணில் படாது. ஆனால் சுரங்கத்திலிருந்து வெளியே வரும் வாய்க்கால்களை யாரும் மறைத்துவைக்கவில்லை. சாலையோரமாகவே ஓடுகின்றன. குழாய் வாயிலிருந்து தண்ணீர் வெள்ளை நுரையாகக் கொட்டும் இடங்கள் உண்டு. பிள்ளைகள் அங்கே குதித்துக் குளிக்கிறார்கள், பெண்கள் துணி துவைக்கிறார்கள், மாடுகள் இறங்குகின்றன. மழைக்காலத்தில் சுரங்கத்துக்குள் சேரும் மழைநீர் மண்ணோடு கலந்து வரும்போது வாய்க்கால் செம்பழுப்பாக ஓடும். ஆழத்து நீர் மட்டும் வரும் நாளில் தெளிவாக இருக்கும். இந்தத் தண்ணீரைத் தலையில் வாங்கிக் குளித்துவிட்டுப் போவதற்கு எந்தத் தகுதியும் வேண்டியதில்லை. அது எதற்காக இறைக்கப்பட்டது, எங்கே போகிறது என்று ஒருமுறை கேட்டுவிட்டால், அதற்குப் பிறகு அந்தக் கரையில் முன்போல் நிற்க முடியாது.

நெய்வேலிக்குப் பக்கத்து ஊர் வடலூர். வடலூரை ஒட்டியது கருங்குழி. வள்ளலார் 1867இல் வடலூரில் தருமச்சாலை தொடங்குவதற்கு முன் சில ஆண்டுகள் கருங்குழியில் தங்கியிருந்தார். ஒருநாள் இரவு எண்ணெய்க் கலயம் என்று தண்ணீர்க் கலயத்தைச் சாய்த்து விளக்குக்கு ஊற்றினார் என்றும், விளக்கு விடியும்வரை தண்ணீரிலேயே எரிந்தது என்றும் அடியவர்கள் நம்புகிறார்கள். அந்த வீடும் அந்த நினைவும் இன்றும் வணங்கப்படுகின்றன. நம்புகிறவர் நம்பட்டும், நம்பாதவர் விடட்டும். எனக்கு வியப்பெல்லாம் வேறொன்றில். அது நடந்ததாகச் சொல்லப்பட்டு நூறாண்டு கடந்து, அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், தண்ணீரை இறைத்தால்தான் விளக்கெரியும் என்ற நிலையை நாம் உண்டாக்கிக்கொண்டோம். அவர் விளக்குக்கு ஒரு கலயம் போதுமாக இருந்தது. அந்த ஒரு விளக்கின் வெளிச்சத்தில் அவர் எழுதினார், அவ்வளவே. தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பும் அணையாமல் இருக்கிறது; பசியோடு வருகிறவர் இருக்கும்வரை அது எரியவேண்டும் என்பது ஏற்பாடு. அந்த அடுப்பு எதற்காக எரிகிறது என்பது அங்கே விறகு தள்ளுகிறவருக்கும் தெரியும், இலை போட்டு உட்காருகிறவருக்கும் தெரியும். நம் வீட்டில் ஆளில்லாத அறையில் சுழலும் மின்விசிறி எதற்காகச் சுழல்கிறது என்று கேட்டால் பதில் இராது.

கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நெய்வேலியில் ஏறத்தாழ ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிகிறது. ஒரு டன் கரிக்கு ஐந்து கன மீட்டருக்கும் மேல் மண்ணைத் தோண்டி அகற்றவேண்டும். அதாவது ஒரு யூனிட்டுக்கு ஐந்து லிட்டருக்கு மேல் மண். கரியைப்போல் பல மடங்கு எடையுள்ள நீர் இதற்கு மேலே. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்த நூறும் நெய்வேலியிலிருந்து வந்ததாக வைத்துக்கொண்டால், நூறு கிலோ காடு, ஒரு சின்ன அறையின் மூலையை நிரப்பும் மண், ஆயிரம் வருடத்துப் பழைய மழையில் பல குடம். ரசீதில் எழுதும் தொகை பூச்சியம். நான் இலவசத்தை எதிர்ப்பவன் அல்லன். குடிசையில் ஒரு விளக்கும் ஒரு மின்விசிறியும் ஓடுவதற்குக் காசு கேட்பது அறமில்லை. பூச்சியம் என்று எழுதியிருப்பதை உண்மை என்று நம்பிவிடுவதுதான் பிழை. பணத்தில் மட்டும் பூச்சியம். மண்ணிலும் நீரிலும் மரத்திலும் முழு விலையும் கொடுக்கப்பட்டிருக்கிறது. கொடுத்தவர் வேறு யாரோ.

யார் கொடுத்தார்கள் என்று பார்க்க வாய்க்காலோடு கீழே போகவேண்டும். சுரங்க நீர் ஓடைகள் வழியாக வாலாஜா ஏரிக்கும் பரவனாற்றுக்கும் பெருமாள் ஏரிக்கும் போகிறது. இந்த நீரால் வாழ்கிற கழனிகள் ஏராளம். காவிரிக் கடைமடைக்கும் வானம் பார்த்த மேட்டுக்கும் நடுவே இருக்கிற இந்த ஊர்களில், மேட்டூர் திறக்கிறதோ இல்லையோ, சுரங்கத் தண்ணீர் வரும் என்ற நம்பிக்கையில் நாற்று விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சுரங்கம் ஓர் ஆறு. வாலாஜா ஏரி பல பத்தாண்டுகள் தூர்ந்து, மேடு தட்டி, அங்கே ஏரி இருந்தது என்பதே மறந்துபோன நிலையில் இருந்து, சென்ற பத்தாண்டின் முற்பகுதியில் மாவட்ட நிர்வாகமும் நிலக்கரி நிறுவனமும் சேர்ந்து தூர்வாரியதால் மீண்டது. நல்ல காரியம், சொல்லத்தான் வேண்டும். இதே தண்ணீர் ஐப்பசி கார்த்திகையில் மழையோடு சேரும்போது கல்குணம், பூதம்பாடி போன்ற ஊர்களில் நடவு முழுகுகிறது. 2015 நவம்பர்ப் பெருமழையில் குறிஞ்சிப்பாடி வட்டாரம் பட்ட பாட்டை மறந்தவர்கள் அங்கே யாரும் இல்லை. ஒரே வாய்க்கால், தையில் வாழவைக்கிறது, கார்த்திகையில் மூழ்கடிக்கிறது.

சென்னைக்காரர்களுக்கும் இதில் பங்குண்டு. 2017இல் ஏரிகள் வறண்டபோது நெய்வேலிச் சுரங்க நீரை வடக்குத்து சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய், வீராணம் குழாய் வழியாகத் தலைநகருக்கு அனுப்பினார்கள். பண்ருட்டிப் பலாத்தோப்பில் என்றோ இறங்கிய மழையை மயிலாப்பூரில் குடித்தார்கள். குடித்தவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்பது வேறு பேச்சு.

2023 ஜூலை 26 அன்று சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், கதிர் பிடித்து நின்ற நெற்பயிருக்குள் மண்வெட்டும் எந்திரங்கள் இறங்கின. பரவனாற்றைத் திருப்பிவிட வாய்க்கால் வெட்டவேண்டும். நெய்வேலியின் இரண்டாம் சுரங்கம் விரிய வேண்டுமானால் ஆறு வழிவிடவேண்டும். நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். விதைத்தபோது தடுக்காமல் அறுவடைக்குச் சில வாரம் இருக்கும்போது வந்தது ஏன் என்றார்கள் விவசாயிகள். சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி தண்டபாணி இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா என்று வேதனையோடு கேட்டார். பின்னர் ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவானது. மனிதர்களுக்காக மட்டும் அன்றி வாடுகிற பயிருக்காகவும் வருந்தச் சொன்ன ஒரு துறவி வாழ்ந்த வட்டாரம் அது.

அந்தக் காட்சியைத் தமிழ்நாடு முழுதும் கைப்பேசியில் பார்த்தது. குளிரூட்டிய அறையில் அமர்ந்து பார்த்துக் கண் கலங்கியவர்கள் உண்டு. “வளர்ச்சி வேண்டுமென்றால் யாராவது விலை கொடுத்துத்தான் ஆகவேண்டும்” என்று எழுதியவர்கள் உண்டு. இரண்டு சாராரும் ஒரே மின்சாரத்தில்தான் அதைப் பார்த்தார்கள். கலங்கியவரின் கலக்கம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கணக்குத் தெரியாத கலக்கம் இரண்டு நாளில் வற்றிவிடும். விலை பற்றிப் பேசியவருக்கோ விலையைக் கொடுப்பது யார், எவ்வளவு என்று தெரியாது. தெரிந்திருந்தால் ‘யாராவது’ என்ற சொல்லை அவ்வளவு இலகுவாக எழுதியிருக்கமாட்டார். என் வாழ்வுக்காக எடுக்கப்படுவது எவ்வளவு என்று அறிந்து, அதில் வேண்டாததைக் குறைத்துக்கொண்டவனுக்கே இப்படியான வழக்கில் எந்தப் பக்கமும் பேச உரிமை உண்டு. இது கடுமையாகத் தோன்றலாம். நெய்வேலியைப் பொறுத்தவரை இதைவிட இளகிய ஒரு நெறியை என்னால் காண முடியவில்லை.

நான் ஒரு விளக்கை அணைத்தால் சுரங்கம் நின்றுவிடுமா என்று கேட்பார்கள். நிற்காது. ஒரு பம்பின் வேகம்கூடக் குறையாது. ஆலைகளும் அங்காடிகளும் தின்னும் மின்சாரத்துக்கு முன்னால் வீட்டு விளக்கு தூசு. சுரங்கத்தை நிறுத்துவதோ நடத்துவதோ அரசும் நிறுவனமும் நீதிமன்றமும் முடிவு செய்கிற காரியம். அந்த முடிவுகளில் மக்கள் வாய் திறந்து தலையிடவேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். தன் அளவை அறியாதவன் வாய் திறந்தால் அவனை மடக்குவது எளிது: “நீயும்தானே எரிக்கிறாய்?” இந்த ஒரு கேள்வியில் எத்தனை பேர் வாயடைத்துப்போயிருக்கிறார்கள் என்பதை வட்டாரக் கூட்டங்களுக்குப் போனவர்கள் அறிவார்கள். “ஆம், எரிக்கிறேன், இவ்வளவு எரிக்கிறேன், இதற்குமேல் எனக்கு வேண்டாம், அதற்குமேல் எடுப்பது யாருக்காக?” என்று திருப்பிக் கேட்கிறவனை மடக்க முடியாது.

நகரியத்துக்காரர்கள் இதைக் கேட்டு என் மேல் வருத்தப்படக்கூடும். வேம்பும் புங்கும் நிழல் விரித்த சாலைகள், வட்டம் வட்டமாகப் பிரித்த குவார்ட்டர்ஸ், தட்டாமல் வரும் தண்ணீர், ஊர் இருண்டாலும் இருளாத தெருக்கள்: இந்த நகரியத்தின் ஒழுங்கை எண்ணி ஏங்காத பக்கத்து ஊர்க்காரர் இல்லை. அதை உழைத்துச் சம்பாதித்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. கொதிகலன் வெடித்து மாண்டவர்களின் வீடுகளும் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் நகரியத்து எல்லையைத் தாண்டினால், நிலம் கொடுத்து ஒப்பந்தக் கூலியாக உள்ளே வருகிறவரின் ஊரில் குடத்தோடு நிற்கிறார்கள். எல்லைக்கு உள்ளே காரைக் கழுவுகிற குழாயில் வருவதும் அதே ஆழத்து நீர். இந்த ஏற்றத்தாழ்வை நிறுவனத்தின் தலையில் மட்டும் கட்டிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. குழாயைத் திறந்து வைத்திருக்கிற கை நிறுவனத்தின் கை இல்லை.

நம் முன்னோர் தண்ணீரைப் போய்ப் பார்ப்பதை ஒரு சடங்காகவே வைத்திருந்தார்கள். ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றங்கரை. மாசி மகத்துக்குக் கடற்கரை. அன்று ஊர்ச் சாமிகளெல்லாம் கிளம்பிக் கடலூர் தேவனாம்பட்டினத்துக்கு வந்துவிடும். ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள் அவ்வளவு தூரம் பல்லக்கில் கிள்ளைக் கடற்கரைக்குப் போகிறார். வழியில் கிள்ளையில் இஸ்லாமியர்கள் அவரை எதிர்கொண்டு மரியாதை செய்கிறார்கள். தண்ணீர் எங்கே போய் முடிகிறது என்று ஆண்டுக்கொருமுறை சாமியும் போய்ப் பார்க்கிறது. நெய்வேலி நீரும் இதே மாவட்டத்துக் கடற்கரையில்தான் முடிகிறது. பரவனாறு உப்பனாறாகி, சிப்காட் ரசாயன ஆலைகளின் ஓரமாக ஓடி, கடலூர் முதுநகர் அருகே கடலில் சேர்கிறது. 2023 ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்களும் மந்தன் அத்யயன் கேந்திராவும் நெய்வேலி சுற்றுவட்டார நீரும் மண்ணும் மாசுபட்டிருப்பதாக ஆய்வறிக்கை வெளியிட, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. மண்ணுக்குள் ஆயிரம் ஆண்டு தூய்மையாக நகர்ந்த நீர், மேலே வந்து கடல் சேர்வதற்குள் சேர்த்துக்கொள்ளும் அழுக்கெல்லாம் நாம் கொடுத்தது.

பள்ளிகளில் பிச்சாவரத்துக்குச் சுற்றுலா அழைத்துப் போகிறார்கள். படகில் அலையாத்திக் காட்டைச் சுற்றிவிட்டுப் பிள்ளைகள் மகிழ்ச்சியாகத் திரும்புகிறார்கள். நல்லதுதான். அதே பேருந்தைக் கொஞ்சம் வளைத்து, சுரங்க மேடு, வெளிவரும் வாய்க்கால், வாலாஜா ஏரி, வளையமாதேவி, பெருமாள் ஏரி, முதுநகர் முகத்துவாரம் என்று போனால் ஒரே நாளில் முடியும். வழியில் யாரிடமும் அனுமதிச் சீட்டு வாங்கவேண்டியதில்லை, சுரங்க மேட்டைத் தவிர. ஆசிரியர் பெரிதாகப் பேசவும் வேண்டாம். ஏரிக்கரையில் மீன் பிடிப்பவரும் களத்து மேட்டில் உட்கார்ந்திருப்பவரும் சொல்வதைக் கேட்டால் போதும். இருவர் சொல்வதும் ஒன்றாக இராது. அந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் பன்னிரண்டு வயதிலேயே கேட்டுப் பழகட்டும்.

சுரங்கங்கள் என்றைக்கும் ஓடப்போவதில்லை. முதல் அனல்மின் நிலையம் அறுபது ஆண்டை நெருங்கும்போதே மூடப்பட்டுவிட்டது. கரி தீர்ந்தோ, அதற்கு முன்பே காலம் மாறியோ, பம்புகளும் ஒருநாள் நிறுத்தப்படும். நிறுத்தினால் நீர் மறுபடி ஏறத் தொடங்கும், பள்ளங்கள் ஏரிகளாகும். எவ்வளவு விரைவில் ஏறும், எவ்வளவு உயரம் ஏறும் என்பதெல்லாம் அந்தச் செம்மண் மேட்டில் எவ்வளவு மழை இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. அந்த மேட்டில் இப்போது முந்திரியையும் பலாவையும் வெட்டி மனை பிரிக்கிறார்கள். வடலூரிலிருந்து பண்ருட்டிக்குப் போகும் சாலையில் பேருந்து ஜன்னல் வழியாகவே பார்க்கலாம்: வரிசையாக நட்ட வண்ணக் கொடிகள், வெள்ளையடித்த எல்லைக் கற்கள், தார் போட்ட முப்பதடிச் சாலை. இந்த அருவியைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் அங்கிருந்து தொடங்கவேண்டும். அதன் தலைமாடு அங்கேதான் இருக்கிறது, சதுர அடி விலைக்கு.